எமது வண்டியும் அதன் சமநிலையும்
(மன்றத்தின் பொதுக்கூட்டத்தில் வாகன உபகுழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

இம்மேடையிலே சமயமும் பண்பாடும் கல்வியும் பற்றிப் பேசப்படுவதே வழக்கம். இன்றோ, ஒரு பிக்கப் வண்டியின் ஷொக் அப்சோபரைப் பற்றிப் பேசும்படி செயற்குழு எம்மைப் பணித்திருக்கின்றது. இது மன்றத்துக்குப் பொருந்தாத விஷயம் என எவரும் எண்ணவேண்டியதில்லை. மாரிகாலத்தில் வெள்ளம் வந்தால் உலருணவு ஏற்றுவது அந்த வண்டிதான். திருவிழாக் காலத்தில் அன்னதானத்துக்கு அரிசியும் விறகும் சுமப்பதும் அதுதான். கதிர்காமப் பாதயாத்திரை செல்லும் அடியார்களுக்குத் தண்ணீர்த் தாங்கியுடன் பொத்துவில், பாணமை கடந்து உகந்தை வரை போய்வருவதும் அதுவேதான். பலர் சிறுகச் சிறுகக் கொடுத்த பணத்தில் வாங்கிய வண்டி அது. அதனை எவ்வாறு பேணுவது என்பது எம் அனைவருடைய பொறுப்பும் ஆகும்.

இவ்விஷயத்தில் எம்மிடையே இரு கருத்துகள் நிலவுகின்றன. இளைஞர்கள், முன்பக்கம் தாழ்ந்து மூக்குக் குத்தியதுபோல் நிற்கிறது, மூன்று அங்குலம் உயர்த்தவேண்டும் என்கின்றனர். பெரியோரில் சிலர், வண்டி ஓடுகிறதுதானே, வீண்செலவு எதற்கு என்கின்றனர். இரு தரப்பாரிடமும் நியாயம் உண்டு. எனினும் இரண்டு முடிவுகளுமே ஆபத்தானவை என்பது எமது உபகுழுவின் கருத்து. அதற்கான காரணங்களை ஒழுங்காக எடுத்துரைப்பதே இவ்வுரையின் நோக்கம்.

முதலாவதாக, ஸ்பிரிங் என்பது எது, ஷொக் அப்சோபர் என்பது எது என்பதைப் பிரித்தறிதல் வேண்டும். பலர் இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணி மயங்குகின்றனர். வண்டியின் பாரத்தைத் தாங்குவது ஸ்பிரிங். ஸ்பிரிங்கின் இயல்பை 1678ஆம் ஆண்டிலே இங்கிலாந்து விஞ்ஞானி றொபேட் ஹூக் எழுதி வெளியிட்டார். எவ்வளவு பாரமோ அவ்வளவு அமுங்கும். பாரம் இரட்டித்தால் அமுக்கமும் இரட்டிக்கும் என்பதே அதன் சாரம். 1804ஆம் ஆண்டில் ஒபதையா எலியட் என்பவர் குதிரை வண்டிகளுக்குத் தகடுகளை அடுக்கிய வில்லு ஸ்பிரிங்குக்கு உரிமைப்பத்திரம் பெற்றார். எமது வண்டியின் பின்புறத்தில் இன்றும் இருப்பது அந்தத் தகடு அடுக்கின் வழிவந்ததே.

ஸ்பிரிங்குக்கு ஒரு குறை உண்டு. அமுக்கிவிட்டால் அது திரும்பி எழும். எழுந்தது தன் இடத்தில் நில்லாது மேலே போகும். மீண்டும் கீழே வரும். ஒரு பள்ளத்தில் விழுந்த வண்டி, தடுப்பார் இல்லாவிட்டால், பல தடவை ஆடிய பின்னரே அடங்கும். வண்டியின் உடல் நொடிக்கு ஒன்று அல்லது இரண்டு தடவை ஆடும். சில்லோ நொடிக்குப் பத்துத் தடவைக்கு மேலும் துள்ளும். துள்ளும் சில்லு நிலத்தைவிட்டு எழும் கணத்தில் பிரேக்கும் இல்லை, ஸ்ரியறிங்கும் இல்லை. இந்த ஆட்டத்தை அடக்குவதற்காக வைக்கப்பட்டதே ஷொக் அப்சோபர்.

அதன் உள்ளே இருப்பது எண்ணெய் நிறைந்த குழாயும், அதனுள் ஓடும் ஒரு பிஸ்டனும் ஆகும். பிஸ்டனில் உள்ள சிறு துவாரங்களினூடாக எண்ணெய் நெருக்கப்பட்டுச் செல்லும்போது, ஆட்டத்தின் சக்தி வெப்பமாக மாறுகின்றது. நீண்ட கிரவல் பாதையில் ஓடிவந்த பின் ஷொக்கைத் தொட்டுப் பார்த்தால் கை சுடுவது இதனால்தான். பொதுவாக, அமுங்கும்போது இலகுவாகவும் விரியும்போது கடினமாகவும் இருக்கும்படி அதனை அமைப்பர்.

தேர்த்திருவிழாவிலே வடம் பிடிப்போர் நூற்றுக்கணக்கானோர். சில்லுக்கு முட்டுக்கட்டை போடுவோர் நாலைந்து பேர்தான். அவர்கள் தேரை இழுப்பதுமில்லை, தாங்குவதுமில்லை. ஆனால் அவர்கள் இல்லாவிட்டால் தேர் எங்கே போய் முட்டும் என்பது உங்களுக்குத் தெரியும். ஷொக்கின் தொழிலும் அத்தகையதே. ஆதலின், புதிய ஷொக் போட்டால் வண்டி உயரும் என்று எண்ணுவது தவறு. வாயு நிரப்பிய ஷொக்கிலே தண்டை வெளியே தள்ளும் விசை ஏறக்குறைய ஐம்பது அறுபது இறாத்தல் அளவே. ஒன்றரைத் தொன்னுக்கு மேற்பட்ட வண்டியை அது உயர்த்தப் போவதில்லை. உயரம் ஸ்பிரிங்கின் விஷயம். அடக்கம் ஷொக்கின் விஷயம்.

இனி, எமது வண்டியின் நிலையைக் கூறுவோம். உபகுழுவினர் வண்டியைச் சமதரையில் நிறுத்தி, நான்கு ரயர்களிலும் காற்றைச் சரிசெய்து, சில்லின் மையத்திலிருந்து மட்காட்டின் விளிம்புவரை அளந்தோம். நிலத்திலிருந்து அளந்தால் ரயரின் தேய்வும் கணக்கில் சேர்ந்துவிடும். ஆதலால் மையத்திலிருந்தே அளக்கவேண்டும். வெறும் வண்டியில் முன் இடது 19½ அங்குலம். முன் வலது 19 அங்குலம். பின்புறம் இரண்டும் 21½ அங்குலம். பின்னர் ஏறக்குறைய 600 கிலோ அரிசி மூடைகளை ஏற்றி அளந்தோம். பின்புறம் 19¾ அங்குலத்துக்கு இறங்கிற்று. முன்புறம் ஏறக்குறைய மாறவில்லை.

இவ்வளவுகளில் இரண்டு உண்மைகள் உள்ளன. ஒன்று, சாரதி இருக்கும் வலப்பக்க முன் ஸ்பிரிங் மற்றதைவிடத் தளர்ந்துவிட்டது. இரண்டு, வெறும் வண்டியில் பின்புறம் உயர்ந்து நிற்பது குறையன்று. அது தயாரித்தவர்கள் வேண்டுமென்றே வைத்த ஏற்பாடு. பிக்கப் என்பது சுமப்பதற்காகச் செய்யப்பட்ட வண்டி. சுமை ஏறியபின் அது சமமாக நிற்கவேண்டும் என்பதற்காகவே வெறுமையில் சற்றுக் குனிந்து நிற்கின்றது. கோயில் முற்றத்தில் வெறுமையாக நிற்கும் அழகைப் பார்த்து அளவிடாது, மூடை ஏற்றிய நிலையைப் பார்த்தே அளவிடவேண்டும்.

இப்பொழுது இளைஞர்கள் கேட்கும் மூன்று அங்குலத்தை ஆராய்வோம். முன்புறம் 22½ அங்குலத்துக்கு ஏறும். மூடை ஏற்றினால் பின்புறம் 19¾. அதாவது வண்டி வானத்தைப் பார்த்துக்கொண்டு ஓடும். அதனால் விளையும் தீங்குகள் நான்கு.

முதலாவது, வெளிச்சம். எமது வண்டியின் முன்சில்லுக்கும் பின்சில்லுக்கும் இடையேயுள்ள தூரம் ஏறக்குறைய 3 மீற்றர். முன்புறம் மூன்று அங்குலம் உயர்ந்தால், 30 மீற்றர் தூரத்தில் ஒளிக்கற்றை ஏறக்குறைய 80 சென்ரிமீற்றர் மேலே போகும். சுமை ஏறிப் பின்புறம் இறங்கினால் இன்னும் மேலே போகும். தாழ்த்திய வெளிச்சம் என்று நாம் எண்ணுவது, எதிரே சைக்கிளில் வருபவரின் கண்ணிலே நேராக விழும். இரவிலே மாடும் மனிதரும் நடமாடும் எமது வீதிகளில் இது சிறிய விஷயமன்று.

இரண்டாவது, ஸ்ரியறிங். முன்சில்லு திரும்பும் அச்சு சற்றுப் பின்னோக்கிச் சாய்ந்திருப்பதனாலேயே, திருப்பிய ஸ்ரியறிங் தானாக நேருக்கு வருகின்றது. முன்புறத்தை உயர்த்தினால் அந்தச் சாய்வு குறையும். நேர்வீதியிலும் வண்டி அலையும். சில்லின் மற்றச் சாய்வுகளும் மாறுவதனால் ரயர் ஒரு பக்கமாகத் தேயும்.

மூன்றாவது, மூட்டுகள். நாற்சில்லும் இயங்கும் வண்டியில் முன்சில்லுக்குச் சக்தி கொண்டுபோகும் அச்சின் மூட்டு, உயரம் கூடக்கூட அதிகமாக மடிந்து சுழலவேண்டும். அதை மூடிய றப்பர் உறை கிழியும், உள்ளே மணல் புகும், மூட்டுப் பழுதாகும். மேற்கையின் போல் ஜொயின்றும் தன் எல்லைக்கு அண்மையில் நின்று தேயும்.

நான்காவது, சில்லு கீழே இறங்குவதற்குரிய இடம் குறைதல். ஸ்பிரிங்கை நெருக்கி உயரம் பெற்றால் ஷொக் ஏற்கெனவே பெரும்பகுதி விரிந்து நிற்கும். பள்ளம் வரும்போது அது எட்டவேண்டிய தூரத்தை எட்டாது முனையில் அடிபடும். அந்த அடியினாலேயே புதிய ஷொக்கும் சில மாதங்களில் அழிந்துவிடும்.

மோஸ்தர் ஒரு நாட்டை எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு ஓர் உதாரணம் கூறலாம். அமெரிக்காவில் பிக்கப் வண்டிகளின் முன்புறத்தைச் சமப்படுத்துவது பெருவழக்கம். அங்குள்ள பெரிய வண்டிகளுக்கு அளவோடு செய்வதனால் பெரிய தீங்கில்லை. ஆனால் சிலர் அளவு கடந்து, முன்புறத்தை வானுக்கு ஏற்றிப் பின்புறத்தை நிலத்துக்கு இறக்கினர். சாரதிக்கு முன்னால் நிற்கும் குழந்தையும் தெரியாது என்ற நிலை வந்தது. வட கரோலைனா மாநிலம் 2021 டிசம்பர் 1 முதல், முன் மட்காட் பின் மட்காட்டைவிட நான்கு அங்குலமோ அதற்கு மேலோ உயரும்படி வண்டியை மாற்றுவதைச் சட்டத்தினால் தடுத்தது. நாம் சுமையோடு மூன்று அங்குலத்தை ஏற்றால், அந்த எல்லையை நோக்கியே போவோம்.

எனின், பெரியோர் கூறுவதுபோல் ஒன்றும் செய்யாது விடலாமா? கூடாது. எமது வண்டியின் நான்கு ஷொக்குகளையும் பார்த்தோம். உடலிலே மெல்லிய எண்ணெய்ப் படலம் தென்பட்டால் அஞ்சவேண்டியதில்லை. ஆனால் பின்புறத்து இரண்டிலும் எண்ணெய் வழிந்து புழுதி சேறுபோல் ஒட்டியிருந்தது. முன் வலப்பக்க மூலையை அமுக்கிவிட்டபோது, ஒருமுறை எழுந்து அமரவேண்டிய வண்டி மும்முறை ஆடிற்று. முன் ரயர்களில் கையை வைத்துத் தடவினால், கிண்ணம் கிண்ணமாகத் தேய்ந்திருப்பது தெரியும். சில்லு நிலத்தில் துள்ளித் துள்ளி ஓடியதற்கு அது சாட்சி. ரயர் வாங்கும் செலவு ஷொக் வாங்கும் செலவைவிடக் கூடியது. ஆகவே செலவைத் தவிர்ப்பதாக எண்ணி நாம் செலவைப் பெருக்கிக்கொண்டிருக்கிறோம். அதற்கும் மேலாக, ஈரவீதியில் அவசரமாகப் பிரேக் பிடிக்கும் நாளில் ஏற்படக்கூடிய நட்டத்தைக் கணக்கில் எழுத முடியாது.

ஆகவே எதை வாங்குவது? சந்தையில் மூவகை ஷொக்குகள் உள்ளன. ஒன்று, இரட்டைக் குழாயில் எண்ணெய் மாத்திரம் உள்ளது. விலை குறைவு, ஆனால் கரடுமுரடான பாதையில் நீண்டநேரம் ஓடினால் எண்ணெயும் காற்றும் கலந்து நுரைக்கும், நுரைத்தபின் அடக்கம் குன்றும். இரண்டாவது, அதே இரட்டைக் குழாயில் சதுர அங்குலத்துக்கு ஏறக்குறைய 100 முதல் 150 இறாத்தல் அமுக்கத்தில் நைதரசன் வாயு சேர்த்தது. நுரைப்பது வெகுவாகக் குறையும். மூன்றாவது, ஒற்றைக் குழாயில் 250 முதல் 360 இறாத்தல் வரை அமுக்கமுள்ள வாயு கொண்டது. வெப்பம் விரைவில் வெளியேறும்; கட்டுப்பாடு மிக நன்று. ஆனால் அதில் பிஸ்டன் வெளிக்குழாயின் சுவரிலேயே ஓடுவதனால், ஒரு கல் பட்டுக் குழாய் நெளிந்தாலும் ஷொக் முடிந்துவிடும். விலையும் அதிகம்.

எமது வண்டி வருடத்தின் பெரும்பகுதி தார்வீதியிலும், சில நாட்கள் கிரவல் பாதையிலும், எப்பொழுதும் சுமையோடும் ஓடுவது. ஆதலின் இரண்டாவது வகையே எமக்குப் போதுமானது என உபகுழு சிபாரிசு செய்கின்றது. பந்தயத்துக்குப் போகிறவர்களுக்கு மூன்றாவது பொருந்தும். கல்லும் மண்ணும் நிறைந்த பாதையில் தண்ணீர்த் தாங்கி சுமக்கும் எமக்கு அடிதாங்கும் வகையே மேல்.

வாங்கும்போது கவனிக்கவேண்டியவை சில உண்டு. வண்டியின் மாதிரியும் ஆண்டும் சரியாகச் சொல்லவேண்டும். எமது ஹைலக்ஸ் 2004ஆம் ஆண்டில் வெளிவந்த ஏழாந் தலைமுறையைச் சேர்ந்தது. அதன் முன்புறத்தில் சுருள் ஸ்பிரிங் ஷொக்கைச் சுற்றியே நிற்கும். அதற்கு முந்திய நாற்சில்லு இயக்க வண்டிகள் பலவற்றில் டோர்ஷன் பார் என்னும் முறுக்குக் கம்பி இருக்கும். ஆகவே பெயர் ஒன்றாயினும் பாகம் வேறு. முழுவதும் மடங்கிய நீளம், முழுவதும் விரிந்த நீளம், மேல்கீழ்ப் பொருத்துகளின் வடிவம் ஆகிய மூன்றையும் பழையதோடு ஒப்பிடுதல் வேண்டும். நீளம் குறைந்தால் விரியும்போது இழுபட்டு அறும். நீளம் கூடினால் அமுங்கும்போது முட்டி உடையும். ஒரு அச்சில் உள்ள இரண்டையும் ஒன்றாகவே மாற்றவேண்டும். ஒன்று புதிது, ஒன்று பழையது என வைத்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். கொழும்புப் பஞ்சிகாவத்தையில் எல்லாம் கிடைக்கும். நல்லதும் கிடைக்கும், பெயர் மாத்திரம் நல்லதாயுள்ள போலியும் கிடைக்கும். பற்றுச்சீட்டும் உத்தரவாதமும் தராத கடையில் மன்றத்தின் பணத்தைச் செலவிடலாகாது. கழற்றி விற்கும் பழைய ஷொக்குகளை எக்காரணங் கொண்டும் வாங்கக்கூடாது.

இனி, உயரத்தின் விஷயம். முன்புறத்தை உயர்த்தும் வழிகள் பல. டோர்ஷன் பார் உள்ள வண்டியில் ஓர் ஆணியை முறுக்கினாலே உயரும். எமது வண்டி போன்றதில் ஷொக்கின் தலைக்கு மேல் ஒரு வளையத்தை வைப்பர். சில்லு நீண்ட கையின் முனையிலும் ஷொக் அதன் நடுவிலும் இருப்பதனால், ஓர் அங்குல வளையம் வைத்தால் வண்டி ஏறக்குறைய இரண்டு அங்குலம் உயரும். இது வண்டிக்கு வண்டி மாறும். இதையறியாது மூன்று அங்குல உயரத்துக்கு மூன்று அங்குல வளையமே வேண்டும் என்று ஒரு கராஜில் எம்மிடம் கூறினர். அதைக் கேட்டு நடந்திருந்தால் மூட்டுகள் தம் எல்லையைக் கடந்திருக்கும்.

உபகுழுவின் யோசனை இதுதான். முன்புறத்துச் சுருள் ஸ்பிரிங்குகள் தளர்ந்துவிட்டன. முதலில் தயாரித்தவர் குறித்த அதே வலுவுள்ள புதிய ஸ்பிரிங்குகளை இருபுறமும் போடுவோம். இழந்த உயரம் திரும்பும். வலப்பக்கச் சாய்வும் நீங்கும். அதன்பின் மீண்டும் அளப்போம். சுமை ஏற்றிய நிலையில் முன்புறமும் பின்புறமும் ஏறக்குறைய ஒத்து நின்றால், அத்துடன் நிறுத்துவோம். அப்பொழுதும் குறை தென்பட்டால் மாத்திரம் மேலதிகமாக அரை அங்குலமோ ஓர் அங்குலமோ பற்றிச் சிந்திக்கலாம். அதற்கும் முன்னதாக மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் விதியையும் காப்புறுதி நிறுவனத்தின் நிபந்தனையையும் எழுத்து மூலம் கேட்டறிதல் அவசியம். இழந்ததை மீட்பது வேறு, இல்லாததைச் சேர்ப்பது வேறு; முன்னையதற்கு யாரும் தடை சொல்லார்.

பின்புறத்துக்கு இன்னொரு தகடு சேர்க்கவேண்டும் என்ற ஆலோசனையும் வந்தது. சேர்த்தால் சுமையில்லாத நாட்களில் பின்புறம் இன்னும் உயரும், துள்ளும். நாம் செய்யவேண்டியது சுமையை அளந்து ஏற்றுவதே. வலியறிதல் என்ற அதிகாரத்திலே, மயிற்பீலி ஏற்றிய வண்டியாயினும் அளவு மிஞ்சினால் அச்சு முறியும் என்று திருவள்ளுவர் உணர்த்தினார். மயிற்பீலிக்கே அப்படியெனில் தண்ணீர்த் தாங்கிக்குச் சொல்லவேண்டுமா? ஆயிரம் லீற்றர் தண்ணீர் ஆயிரம் கிலோ. அதன்மேல் அரிசியும், அதன்மேல் நாலு தொண்டர்களும் ஏறுவதை எந்த ஷொக்கும் பொறுக்காது. மூடையோடு ஆட்களைப் பின்தட்டில் ஏற்றும் வழக்கத்தை இன்றோடு நிறுத்தவேண்டும் என்பது எமது வேண்டுகோள்.

இளைஞர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. வேலையை நாங்களே முற்றத்தில் செய்கிறோம், கூலி மிஞ்சும் என்று சிலர் முன்வந்திருக்கின்றனர். அந்த மனத்தைப் பாராட்டுகிறோம். பின்புறத்து ஷொக்குகளை நீங்களே மாற்றலாம். ஜக்கை மாத்திரம் நம்பாது உறுதியான தாங்கிகளை வையுங்கள். மற்றச் சில்லுகளுக்குக் கட்டை போடுங்கள். றப்பர் புஷ் உள்ள ஆணிகளை, வண்டி தன் சில்லுகளில் நின்றபின்னரே இறுதியாக இறுக்குங்கள். தூக்கி வைத்தபடி இறுக்கினால் றப்பர் முறுகி விரைவில் கிழியும். ஆனால் முன்புறத்துச் சுருள் ஸ்பிரிங்கில் கை வைக்கவேண்டாம். அது நூற்றுக்கணக்கான கிலோ விசையோடு அமுங்கி நிற்கின்றது. நெருக்கிப் பிடிக்கும் உரிய கருவியின்றி நடுவிலுள்ள நட்டைக் கழற்றினால், அது துப்பாக்கிக் குண்டுபோல் பாயும். கையையும் முகத்தையும் உயிரையும் கொள்ளும். அந்த வேலையைக் கருவியுள்ள கராஜில் தேர்ந்தவரிடம் விடுங்கள். பக்கத்தில் நின்று பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள். கழற்றிய பழைய வாயு ஷொக்குகளை வெட்டவோ நெருப்பில் இடவோ கூடாது.

வேலை முடிந்தபின் மூன்று கருமங்கள் தவறாது நடைபெறவேண்டும். சில்லுகளின் நேர்மையை அளந்து சரிசெய்தல். முன்விளக்கின் ஒளியைச் சுவரில் விழவிட்டு, வேலைக்கு முன் குறித்த அடையாளத்தோடு ஒப்பிட்டுத் தாழ்த்துதல். ஆயிரம் கிலோமீற்றர் ஓடியபின் ஆணிகளை மீண்டும் பார்த்து இறுக்குதல். இவற்றுக்காக ஒரு கொப்பி திறந்திருக்கிறோம். இன்று எடுத்த அளவுகள் முதற்பக்கத்தில் எழுதப்பட்டுள்ளன. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அளந்து எழுதும் பொறுப்பை இளைஞர் இருவரும் பெரியவர் ஒருவரும் ஏற்கவேண்டும். மூன்று கராஜ்களில் பெற்ற விலைமதிப்புகள் அறிவித்தல் பலகையில் உள்ளன, எல்லோரும் பார்வையிடலாம்.

அன்பர்களே! சென்ற யாத்திரையில், நடந்து களைத்த முதிய தாய்மார் எமது வண்டி வருவதைக் கண்டு மரநிழலில் காத்திருந்தனர். அவர்கள் வண்டி உயரமாயிருக்கிறதா, அழகாயிருக்கிறதா என்று பார்க்கவில்லை. தண்ணீர் வந்துசேருமா என்றே பார்த்தனர். நான்கு ஷொக்குகளும் இரண்டு முன் ஸ்பிரிங்குகளும் வாங்குவதற்கும், மூன்று அங்குல உயர்வைக் கைவிடுவதற்குமான பிரேரணையை உபகுழு இச்சபையின் முன் வைக்கின்றது. ஆடிவேல் விழாவுக்கான கொடியேறுமுன், யாத்திரை தொடங்குமுன், இவ்வேலை நிறைவேறவேண்டும். ஆராய்ந்து, கேள்வி கேட்டு, பின்னர் ஆதரவு தருமாறு பணிவுடன் கேட்டு அமர்கின்றோம்.